மேற்படி சம்பந்தி பின்னால் நின்றமையால்

பொதுமக்கள் அனைவரும் கைவேலையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய சோபாக்களைப் புதுச் சோபாக்களாக மாற்றுவதில் இருபத்து மூன்று ஆண்டு அனுபவம் வாய்ந்தவரும், எங்கள் தெருவின் ஒரே தொழிலதிபராகத் தம்மைத் தாமே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவருமான கம்பெனி, தம்முடைய மாத வருமானம் எவ்வளவு என்பதைச் சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்போகிறார். இந்த ரகசியம் அதுவரை அவருடைய மனைவிக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவருக்கே தெரியாது.

கம்பெனி என்பது பட்டப்பெயர். யாரோ ஒருவர் கார் வாங்கும் ஆசையில் கட்டி, கார் வாங்காமலே செத்துப்போன கொட்டகையில்தான் அவர் கடை. ஷட்டர் பாதி உயரத்துக்கு மேல் ஏறாது. வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். உள்ளே ஒரு கனமான தையல் மெஷின், ஃபோம் அடுக்கு, பசை டப்பா, ஆணி பிடுங்கும் திருப்புளி, ஒரு நாற்காலி. போன் வந்தால் அவர் எழுந்து நின்று, "கம்பெனியிலேர்ந்து பேசறேன்" என்பார். அந்தப் பக்கம் பேசுகிறவர் இருபது பேர் வேலை செய்கிற இடமென்று நினைத்துக்கொண்டால் அது அவர் பொறுப்பல்ல.

கடன் வந்த கதை சுருக்கமானது. ஒரு திரையரங்கின் நூற்று அறுபது இருக்கைகளுக்கு உறை மாற்றும் வேலை கிடைத்தது. மொத்தக் கடையில் கடன் சொல்லிக் கருஞ்சிவப்பு ரெக்ஸின் சுருள் சுருளாக வாங்கினார். நாற்பத்திரண்டு இருக்கை முடிந்தபோது திரையரங்கு மூடப்பட்டது. முதலாளியின் போனும் மூடப்பட்டது. மீந்த ரெக்ஸின் கம்பெனியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசை, அலமாரித் தட்டு, குடைப்பை, மிதியடி, கரண்டுப் பெட்டியின் மூடி என்று அந்த வீட்டில் அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் கருஞ்சிவப்பு உறை. வீட்டுக்குள் போனால் இடைவேளை எப்போது என்று கேட்கத் தோன்றும்.

மொத்தக் கடைக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்தார். பாக்கி தொண்ணூற்று ஆறாயிரம். நீதிமன்றம் பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, வருமானம், செலவு, சேமிப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து மாதத் தவணை முடிவு செய்கிறோம் என்றது. தவணை ஒன்று தவறினாலும் கோர்ட்டு ஆள் வந்து தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார். ரெக்ஸினைத் தைக்கிற மெஷின் அது ஒன்றுதான். அது போனால் கம்பெனியில் மிஞ்சுவது கம்பெனி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று நாளாக விடாத மழை. கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளி சொட்டுச் சொட்டாக நிரம்பிக்கொண்டிருந்தது. மனைவி உருளைக்கிழங்கை வேகவைத்து இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருஞ்சிவப்பு மேசையில் படிவத்தை விரித்தாள்.

"தொழில்?"

"கம்பெனி நிர்வாகம்னு எழுது."

"சோபா ரிப்பேர்னு எழுதியாச்சு."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

"என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான். மாச வருமானம்?"

கம்பெனி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் இருக்குமா? ஒரு மாசம் எல் சோபா வரும், ஒரு மாசம் வெறும் ஸ்டூல் வரும். சராசரியாச் சொன்னா, ஒரு இருபது..."

"ஏழாயிரத்து நானூறு."

"யார் சொன்னா?"

மனைவி அலமாரியைத் திறந்தாள். நீள நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். அதற்கும் கருஞ்சிவப்பு அட்டைதான். எந்தத் தேதியில் யார் வீட்டுச் சோபா, ஃபோம் எவ்வளவு, நூல் எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று மூன்று வருடம் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுதி வைத்திருந்தாள். கம்பெனி இரண்டு பக்கம் புரட்டினார். புகைப்படத்தில் தம் பின்மண்டையின் வழுக்கையை முதன்முதலாகப் பார்க்கிற மனிதரைப் போல இருந்தது அவர் முகம்.

"இவ்வளவு கம்மியாவா?"

"போன வருஷம் இன்னும் கம்மி. என் தையல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரம். எழுதிட்டேன்."

"நீ தலையணை உறை தைக்கறதைக்கூடவா கோர்ட்டுக்குச் சொல்லணும்?"

"சத்தியம் பண்ணப் போறோம்ல." அவள் அடுத்த கட்டத்துக்கு வந்தாள். பேனா அங்கே நின்றது. வாளியில் நாலைந்து சொட்டு விழும் வரை நின்றது. பிறகு தலைநிமிராமல் சொன்னாள். "உறவினர் உதவி. ரெண்டாயிரம்."

"யாரோட உறவினர்?"

"என் தம்பி."

"அவன் எதுக்கு உதவி பண்றான்? எப்பலேர்ந்து?"

"பொண்ணு கல்யாணம் முடிஞ்சதுலேர்ந்து. மாசாமாசம். ஆறாந்தேதி அனுப்புவான், ஏழாந்தேதி வாடகை."

கம்பெனி எழுந்தார். போவதற்கு அந்த வீட்டில் இடமில்லாததால் மறுபடி உட்கார்ந்தார். மைத்துனனுக்கு அவர் போன பண்டிகைக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்து, "பணம் காசு வேணும்னா கூச்சப்படாம மாமாகிட்ட கேளு" என்று தோளில் தட்டியிருந்தார். மைத்துனன் தலைகுனிந்து "சரி மாமா" என்றான். தட்டிய கை இப்போது மேசைமேல் கிடந்தது, வேறு யாருடையதோ போல.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்பீங்க. வேண்டாம்னுட்டா வாடகைக்கு எங்க போறது?"

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பறா. அவனுக்கு ஆறாந்தேதி எங்க ஞாபகம் இருக்கும்!"

உருளைக்கிழங்கு ஆறிப்போனது. இருவரும் உப்பு தொட்டுச் சாப்பிட்டார்கள். கம்பெனி தோலை உரித்து உரித்துத் தட்டின் விளிம்பில் ஒழுங்காக அடுக்கினார். செலவுப் பக்கம் சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கும் கடைக்கும் வாடகை, சாப்பாடு, கரண்டு, மாத்திரை, பஸ், எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்து ஐந்நூறு.

"மிச்சம் எண்ணூறு. ஐந்நூறு தவணை போடுவாங்க."

"தொண்ணூத்தி ஆறாயிரத்துக்கு மாசம் ஐந்நூறா? எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?"

"பதினாறு."

"பதினாறு வருஷம் கடன்காரனா இருக்கச் சொல்றியா?"

"பதினாறு வருஷம் மெஷின் நம்மகிட்ட இருக்கும்ல."

கடைசியாகச் சேமிப்பு. மனைவி அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து கவிழ்த்தாள். சோபாவைப் பிரிக்கும்போது உள்ளே கிடைத்தவை. சில்லறைக் காசுகள், தலைமுடிக் கிளிப்புகள், ஒரு சாவி, கல் உதிர்ந்த ஒற்றைத் தோடு, ஒரு குழந்தையின் பால்பல். கிடைக்கிற பெரிய நோட்டைக் கம்பெனி ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் கதையை நாங்கள் ஆளுக்குப் பத்து முறை கேட்டிருக்கிறோம். சில்லறைக்கு ஓட முடியாது. அது டப்பாவுக்குப் போகும்.

"இது நம்ம காசு இல்லம்மா. கஸ்டமர் காசு."

"இருபது வருஷமா நம்ம டப்பாவுல இருக்கு." அவள் எண்ணி முடித்தாள். "நானூத்திப் பன்னெண்டு. சேமிப்புன்னு இதையாவது எழுதலாம். வேற என்ன இருக்கு?"

பல்லையும் தோட்டையும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் கொதித்தது. நீதிமன்றத்துக்கு எதிரே தகரக் கூரையின் கீழ் ஆறு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டச்சுக்காரர். கம்பெனி தேர்ந்தெடுத்தது மூன்றாவது மேசையில் இருந்த அம்மாளை. அங்கே வரிசை குறைவு. குறைவுக்குக் காரணம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை உரக்க வாசித்துவிட்டுத்தான் அடிப்பார். பஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுப் பழகிய குரல்.

"கடன் பாக்கி தொண்ணூத்தி ஆறாயிரம். சரியா அண்ணே?"

"சரிதாம்மா. கொஞ்சம் மெதுவா..."

"மெதுவா அடிச்சா தப்பு வரும். தொழில், சோபா ரிப்பேர்."

"என்ன சம்பந்தி, இங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கம்பெனி திரும்பவே வேண்டாம். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் தலைவர், பஸ் கம்பெனியில் டிக்கெட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்று, ஓய்வுபெற்ற செய்தி தமக்கு இன்னும் வந்து சேராத மாதிரி நடப்பவர். மடிப்புக் கலையாத சட்டை. கக்கத்தில் ஒரு பழுப்புக் கவர்.

"வாங்க சம்பந்தி, வாங்க! ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு. கம்பெனின்னு ஒண்ணு நடத்தினா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்."

"இருக்கும் இருக்கும். பெரிய மரத்துலதானே காத்து அடிக்கும்! நான் ஒரு ஃபிரெண்டுக்காக வந்தேன். பாவம், கஷ்டப்படறான்."

"உங்க மனசு யாருக்கு வரும்!"

"நீங்க முடிங்க. நான் நிக்கறேன்."

அவர் நின்றார். கம்பெனியின் தோளுக்குப் பின்னால், மூச்சுக்காற்று காதில் படும் தூரத்தில் நின்றார்.

கடன் இருப்பதில் கம்பெனிக்கு வெட்கமில்லை. பெரிய ஆட்களுக்குத்தான் பெரிய கடன். வருமானம்தான் விவகாரம். மூன்று வருடம் முன்பு, பெண் பார்க்க வந்த அன்று, இதே சம்பந்தி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "தொழில்ல என்ன நிக்கும் மாசத்துக்கு?" என்று கேட்டார். "ஒரு முப்பது நிக்கும்" என்று சொல்லிவிட்டார் கம்பெனி. அந்த முப்பதுக்கு ஏற்ற மண்டபத்தைச் சம்பந்தி பிடித்தார். அந்த மண்டபத்துக்கு ஏற்ற சாப்பாட்டைக் கம்பெனி போட்டார். முப்பதாயிரம் என்பது அதன்பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து வளர்த்த பிள்ளை.

"மாத வருமானம்," என்று வாசித்தார் அம்மாள், "ஏழாயிரத்து நா..."

"இருங்கம்மா, இருங்க. அது வார வருமானம்."

தட்டச்சு நின்றது. அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மாதம்னு எழுதியிருக்கு."

"வீட்ல எழுதினது. அவங்களுக்குத் தொழில் விவரம் தெரியாது."

"வாரம் ஏழாயிரத்து நானூறுன்னா, நாலு வாரத்துக்கு இருபத்தொம்போதாயிரத்து அறுநூறு."

"முப்பதுன்னு ரவுண்டாப் போடுங்க."

பின்னால் சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். அது மரியாதையின் செருமல் என்று கம்பெனி எடுத்துக்கொண்டார்.

"மனைவி, தையல் மூலம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"அது பொழுதுபோக்கு. அடிச்சிடுங்க."

"உறவினர் உதவி ரெண்டாயிரம்."

"அது... நாங்க அவனுக்குச் செய்யறது."

"அப்ப செலவுல வரணும்."

"வேணாம், எடுத்துடுங்க. செய்யற உதவியை வெளிய சொல்லக்கூடாது."

"ஆகா!" என்றார் சம்பந்தி.

"சேமிப்பு நானூத்திப் பன்னெண்டு?"

"சேமிப்பெல்லாம் தொழில்லயே சுத்திட்டிருக்கும்மா. கையில ஒண்ணும் இல்லைன்னு போடுங்க."

அன்றைய பத்திரத்தில் கடன், தொழில், செலவு போக, உண்மைக்குக் கிட்டத்தில் வந்த வரி அது ஒன்றுதான். அதிலும் நானூற்றுப் பன்னிரண்டு மறைந்திருந்தது. "மேற்கண்டவை யாவும் உண்மை" என்பதன் கீழே கம்பெனி கொடி சுற்றினாற்போல் ஒரு கையெழுத்துப் போட்டார். எழுந்து, சம்பந்திக்கு இடம் விட்டார்.

"நீங்க கிளம்புங்க சம்பந்தி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை" என்றார் அவர். கவரைப் பிரிக்கவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம். என் செலவு."

பஸ் காசு டீயாக மாறியது. கம்பெனி அன்று வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தார். கேட்டவர்களிடம், நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

*

விசாரணை நாளில் மனைவி ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருக்கை உறைகள் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி தனியாகத்தான் போனார்.

நீதிபதிக்கு இருமல். பத்திரத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு அதை உயர்த்திப் பிடித்து, காத்திருந்தவர்கள் பக்கம் காட்டினார்.

"எல்லாரும் பாருங்க. இங்க வர்றவங்க கையில மோதிரத்தைப் போட்டுக்கிட்டு வருமானமே இல்லைன்னு எழுதறாங்க. இவர் முப்பதாயிரம்னு எழுதியிருக்கார். ஒளிவு மறைவு கிடையாது. இதுக்குத்தான் சத்தியம்னு பேரு."

அறையே கம்பெனியைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு முதுகு நிமிர்ந்தது. கை மட்டும் சட்டைப் பையில் இருந்த பஸ் காசைத் தடவிப் பார்த்தது.

"செலவு போக பத்தொம்போதாயிரத்து ஐந்நூறு மிஞ்சுது. நேர்மையான ஆள், கசக்க வேண்டாம். மாசம் எட்டாயிரம். பன்னிரண்டு மாசத்துல முடிஞ்சிடும். சம்மதமா?"

இல்லை என்று சொல்ல அங்கே ஒரு வினாடி இருந்தது. முன்வரிசையில் ஒருவர் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"சம்மதம்ங்க."

வீட்டில் மனைவி கேட்டாள். "எவ்வளவு போட்டாங்க?"

"கட்டற மாதிரிதான்."

முதல் தவணையைக் கட்டிவிட்டார். ஒரு எல் சோபாவுக்கு வாங்கிய முன்பணம் ஐயாயிரம், பசைக் கடைக்காரரிடம் கைமாற்று மூவாயிரம். அதன்பின் எல் சோபாவுக்கு ஃபோம் வாங்கப் பணமில்லை. ஸ்பிரிங்குகள் வெளியே துருத்திக்கொண்டு, நாடா தொங்க, அது கடை நடுவில் இரண்டு வாரம் கிடந்தது. சோபாவின் சொந்தக்காரர் கடைக்கு நாலு முறை குனிந்து வந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் முறை வீட்டுக்கே வந்தார். மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் முன்பணத்தைக் கோர்ட்டுல கட்டிட்டதாப் பசைக் கடையில சொல்றாங்களே?" என்றார்.

அவள் நேரே கடைக்குப் போனாள். கம்பெனி ஒரு சமையலறை ஸ்டூலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவள் சுற்றிப் பார்த்தாள். அவருடைய நாற்காலியின் குஷனைக் கையில் எடுத்து அமுக்கினாள். உள்ளே காகிதம் சரசரத்தது. அந்தக் குஷன் உறைக்கு ஜிப் தைத்தவளே அவள்தான்.

நீதிமன்ற உத்தரவை நின்றபடியே வாசித்தாள்.

"எட்டாயிரம்."

கம்பெனி பசைத் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தார். மறுபடி வழித்தார்.

"வருமானம் முப்பதாயிரம்னு போட்டிருக்கு. டைப் அடிக்கிறவங்க தப்பா?"

"இல்ல."

"பின்ன?"

"சம்பந்தி நின்னுட்டிருந்தார்."

"எங்க?"

"எனக்குப் பின்னாடி."

அவள் எல் சோபாவின் மரச்சட்டத்தில், ஸ்பிரிங் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். சிரிக்கப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் இல்லைன்னு பொய் சொல்லிக் கோர்ட்டை ஏமாத்தறான். நீங்க இருக்குன்னு பொய் சொல்லி நம்மளை ஏமாத்திட்டு வந்திருக்கீங்க."

"ஏழாயிரத்து நானூறுன்னு அந்தம்மா கத்தறாங்கம்மா. அவர் காதுல விழுந்தா, நாளைக்கு நம்ம பொண்ணை அந்த வீட்ல..."

"என் தம்பி காசு இதுல இல்லையே. என்ன சொல்லி எடுத்தீங்க?"

"நாம அவனுக்குச் செய்யறதா..."

"அவன் பொண்டாட்டி தன் சாப்பாட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சு அனுப்பற காசு. அதை நீங்க குடுக்கறதாச் சொன்னீங்களா?"

அவர் சொல்லியிருந்தார். சம்பந்தி 'ஆகா' என்றும் சொல்லியிருந்தார். பசை காய்ந்து அவர் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"போய் மாத்திச் சொல்லுங்க. பதினஞ்சாந்தேதி ரெண்டாவது தவணை."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

*

இந்த முறை மனைவியும் கூட வந்தாள். சாட்சிக்குக் கருஞ்சிவப்பு நோட்டையும், மனுவுக்கான கட்டணத்துக்குப் பிஸ்கட் டப்பாவையும் கொண்டுவந்தாள். யார் யாருடைய சோபாவிலோ விழுந்த காசு, கம்பெனி உண்மை சொல்வதற்குச் செலவாயிற்று. கவுன்ட்டரில் இருந்தவர் எண்ணி எண்ணி அலுத்து, இடையில் வந்த கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது மேசை அம்மாளுக்கு அவரை நினைவிருந்தது. "வார வருமானம்தானே நீங்க?"

"மாச வருமானம்தாம்மா."

"அதான் நானும் அன்னிக்கே கேட்டேன். சரி, காரணம் எழுதணும். முன்னாடி ஏன் தப்பாச் சொன்னீங்க?"

கம்பெனி மனைவியைப் பார்த்தார். மனைவி சாலையைப் பார்த்தாள்.

"சம்பந்தி பின்னாடி நின்னுட்டிருந்தார்."

அம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இயந்திரத்தில் தாளைச் சுற்றி, உரக்க வாசித்துக்கொண்டே அடித்தார்: "மனுதாரரின் மகளுடைய மாமனார் அச்சமயம் மனுதாரருக்கு மிக அருகில் பின்னால் நின்றமையால், மேற்படியாரின் முன்னிலையில் தம் உண்மை வருமானத்தைத் தெரிவிக்க மனுதாரர் வெட்கமுற்று..." நிறுத்தினார். "'வெட்கமுற்று' போதுமா அண்ணே, 'மிகவும்' போடட்டுமா?"

"போடுங்க."

"அன்னிக்கு நின்னாரே, ஃபிரெண்டுக்காக வந்தவர், அவரா?" என்றார் அம்மாள். 'ஃபிரெண்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் நீட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா. எங்க தொழில்ல வாய் திறந்தா மேசை போயிடும்."

பக்கத்து ஐந்து மேசைகளும் அதுவரை கம்பெனியின் வெட்கத்தைக் கேட்டு முடித்திருந்தன.

நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. பெயர் கூப்பிட்டதும் கம்பெனி முன்னால் போய் நின்றார். மனைவி ஓரமாக, கை எட்டும் தூரத்தில் நின்றாள். நீதிபதி மனுவை வாசித்தார். மேற்படியார் வந்த வரியில் இருமல் வந்தது.

"முன்னாடி சொன்னதும் சத்தியம். இப்ப சொல்றதும் சத்தியம். நான் எதை நம்பறது?"

"இதைத்தாங்க."

"எவ்வளவு சம்பாதிக்கறீங்க? வாயால சொல்லுங்க."

அந்தத் தொகையை அவர் தம் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. "ஏழாயிரத்து நானூறுங்க" என்றார். யாரோ அடகு வைத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற குரலில் சொன்னார். "வீட்டுக்காரி தையல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரம். மச்சினன் வீட்ல ரெண்டாயிரம் தர்றாங்க. அதுலதாங்க வாடகை."

மொத்தக் கடையின் வக்கீல் எழுந்தார். "எல்லாரும் முதல் தவணை கட்டினதும் ஏழையாயிடறாங்க. நோட்டுக் கணக்கு வீட்ல எழுதினது, எப்ப வேணும்னாலும் எழுதலாம். பின்னாடி ஒருத்தர் நின்னார்னு பொய் சொன்னாராம். நின்னதுக்கு என்ன சாட்சி?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி நியாயமானதுதான். அந்தச் சம்பந்தி வந்து, ஆமா, நான் நின்னேன், அவர் இப்படித்தான் மாத்திச் சொன்னார்னு சொன்னா நான் யோசிக்கலாம். வருவாரா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. அதன் நடுவே மனைவி கம்பெனியின் முழங்கையைக் கிள்ளினாள். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, மடிப்புக் கலையாத சட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு நேரே பழுப்புக் கவர். கவருக்கு மேலே இரண்டு கண்கள். அந்தக் கண்கள் கம்பெனியின் கண்களைப் பார்த்தன. பிறகு கவர் ஓர் அங்குலம் மேலே ஏறியது.

நண்பருக்காக வருகிறவர் இவ்வளவு வியர்க்கமாட்டார். கம்பெனிக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதோ இருக்கார். சொல்லுங்க" என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

"வேணாம்மா."

"ஒரு வார்த்தை. எழுந்து நின்னா போதும்."

"அவரை எழுப்பி நிறுத்தினா, நீ எதுக்கு இங்க வந்தேன்னு கேப்பாங்க. பொண்ணு அந்த வீட்ல இருக்கா."

"பொண்ணு அந்த வீட்லதான் இருக்கா. நாம எந்த வீட்ல இருக்கப் போறோம்?"

"வருவாரா, மாட்டாரா?" என்றார் நீதிபதி.

கம்பெனி மறுபடி தூணின் பக்கம் பார்க்கவில்லை. "வரமாட்டாருங்க. வெளியூர்ல இருக்கார்."

உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் சத்தியம் செய்தபின் அவர் சொன்ன ஒரே பொய் அது. மனைவி அவர் முழங்கையை விட்டுவிட்டாள். கிள்ளிய இடம் வலிக்கும்போதாவது அவள் பக்கத்தில் இருந்தாள்.

மனு தள்ளுபடி. எட்டாயிரம் எட்டாயிரமாகவே நின்றது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். மெஷினை யாராவது தூக்கிக்கொண்டு போக ஷட்டரை முழுதாகத் திறக்க வேண்டியிருக்கும், அது திறக்காதே என்று கம்பெனியின் மனம் கோணலாக எதையோ யோசித்தது. இருவரும் பெஞ்சுகளுக்கு நடுவே வாசல் பக்கம் நடந்தார்கள். தூணைக் கடக்கும்போது கம்பெனி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டார். சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டார். மனைவி மட்டும் நின்று, சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

வாசலை அவர்கள் அடைவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபக் கடன். பழுப்புக் கவர் எழுந்து முன்னால் போனது. குமாஸ்தா பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார்.

மாத வருமானம் முப்பத்தையாயிரம்.